மூட்டைக்கு எத்தனை யூனிட்?

ஜவ்வரிசித் தொழிலில் எல்லாமே மூட்டைக் கணக்கு. ஒரு மூட்டை 90 கிலோ. சேலத்தில் உள்ள சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்பனைக்குப் போவதும் மூட்டைதான், ஆலை முதலாளி சாயங்காலம் மேஸ்திரியிடம் கேட்பதும் மூட்டைக் கணக்கைத்தான். அதே மூட்டையை வைத்து இன்னொரு கேள்வியும் கேட்கலாம். இந்த ஒரு மூட்டை உருவாக எவ்வளவு ஆற்றல் செலவானது?

மாதக் கரண்ட் பில்லில் உள்ள யூனிட்டை மூட்டை எண்ணிக்கையால் வகுத்தால் விடை வந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றும். வகுத்து வரும் எண்ணுக்கு ஆற்றல் செறிவு என்று பெயர். இரும்பாலையில் டன்னுக்கு இத்தனை கிகாஜூல் என்பார்கள், சிமென்ட் ஆலையில் டன்னுக்கு இத்தனை யூனிட் என்பார்கள், நூற்பாலையில் கிலோ நூலுக்கு இத்தனை என்பார்கள். வகுப்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும் கணக்கு. கோட்டுக்கு மேலே எதை எழுதுவது, கீழே எதை எழுதுவது என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தின் ஒரு சேகோ ஆலையை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சிக்கலை அவிழ்த்துப் பார்ப்போம். ஒரே ஆலைக்கு ஐந்தாறு விடைகள் கிடைப்பதையும், அவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதையும் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. அந்தத் தட்டுப்பாட்டில், 1943 வாக்கில், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் வேலையைத் தொடங்கினார். சேலத்தில் வேரூன்றிய தொழில் நாமக்கல்லுக்கும் தருமபுரிக்கும் பரவியது. 1981-இல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்து நிலங்களில் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளி இன்றும் முக்கியமான பணப்பயிர்.

கிழங்கு ஆலைக்குள் வந்ததிலிருந்து அதன் வழியைப் பின்தொடர்ந்தால் ஆற்றல் எங்கெங்கே நுழைகிறது என்று தெரியும். லாரி எடைமேடை ஏறி இறங்குகிறது. கிழங்கைக் கழுவித் தோலுரித்து அரவை இயந்திரத்தில் போடுகிறார்கள். பல் வைத்த உருளை வேகமாகச் சுழன்று கிழங்கைக் கூழாக்குகிறது. ஆலையின் பெரிய மோட்டார்களில் ஒன்று இங்கே ஓடுகிறது. கூழைத் தண்ணீர் ஊற்றிச் சலித்தால் நார் தனியே நிற்கும். அதுதான் திப்பி. மாவு கலந்த பால் தொட்டிக்குப் போய்ப் படிகிறது. மேல்நீரை வடித்துவிட்டு, அடியில் உறைந்த ஈரமாவை வெட்டியெடுத்து உடைத்து, துணியில் இட்டுக் குலுக்கக் குலுக்க மாவு உருண்டு மணியாகிறது. எண்ணெய் தடவிய சூடான இரும்புத் தட்டில் அந்த மணியை வறுக்கிறார்கள். நைலான் ஜவ்வரிசி என்றால் நீராவியில் வேகவைக்கிறார்கள். பிறகு சிமென்ட் களத்தில் பரப்பி வெயிலில் உலர்த்தி, பாலிஷ் போட்டு, மூட்டை பிடிக்கிறார்கள்.

முதலில் கோட்டுக்கு மேலே எழுத வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். கைக்கு எட்டும் எண் இதுதான். ஆனால் இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. பெரிய இணைப்புகளில் மொத்த மின்னோட்டமும் மீட்டர் வழியாகப் போவதில்லை. மின்மாற்றிச் சுருள் ஒன்று 200 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்து மீட்டருக்குத் தருகிறது என்றால், மீட்டர் காட்டும் எண்ணை 40-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கு எண் மீட்டர் பலகையில் எழுதியிருக்கும். மின்வாரியத்தின் பில்லில் இந்தப் பெருக்கல் முடிந்தே வரும். தினமும் மீட்டரைப் பார்த்து ஆலை நோட்டில் குறிக்கிறவர் அதை மறந்தால் நாற்பதில் ஒரு பங்குதான் செலவானதாகத் தெரியும். தேதியும் பொருந்த வேண்டும். மீட்டர் கணக்கு எடுப்பது மாதத்தின் நடுவில் ஒரு நாளாக இருக்கலாம். உற்பத்திப் பேரேடு முதல் தேதியில் தொடங்கும். ஒரு மாதத்து மின்சாரத்தை வேறொரு மாதத்து மூட்டையால் வகுத்துவிட்டு, சென்ற மாதம் நன்றாக ஓடியது, இந்த மாதம் கெட்டுவிட்டது என்று பேசுவதில் பயனில்லை. அரைத்த மாவு இன்னும் தொட்டியிலும் களத்திலும் கிடக்கும்போது மூட்டைகளை மட்டும் எண்ணினாலும் இதே கோளாறு வரும்.

மோட்டார் மேல் எழுதியுள்ள குதிரைத்திறனை மணிநேரத்தால் பெருக்கிப் போடுவது இன்னொரு பழக்கம். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பது சரி. ஆனால் அந்த எண் மோட்டார் தரக்கூடிய திறன். இழுக்கும் மின்சாரம் அதன்மேல் ஏறும் சுமையைப் பொறுத்தது. கிழங்கு வராத நேரத்தில் சும்மா சுற்றும் அரவை மோட்டாரும் மின்சாரம் தின்னும், முழுச்சுமையில் தின்பதைவிடக் குறைவாக. துணை மீட்டர் ஒன்றை அந்த மோட்டாருக்கு மட்டும் மாட்டினால்தான் உண்மை தெரியும். எங்கே செலவாகிறது என்று தெரியாமல் மொத்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆலையால் எதையும் சரிசெய்ய முடியாது.

விறகு அடுத்தது. வறுவல் தட்டுக்கும் கொதிகலனுக்கும் சீமைக்கருவேலமோ யூகலிப்டஸோ டன் கணக்கில் வந்திறங்குகிறது. எடைச்சீட்டு கையில் இருப்பதால் அளவு தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம். ஆனால் பாதி ஈரமுள்ள பச்சை விறகு ஒரு கிலோ எரிந்தால் பயன்படும் வெப்பம் ஏறத்தாழ 8 மெகாஜூல். 15 சதவீத ஈரம் வரை காய்ந்த அதே விறகு ஒரு கிலோவுக்கு 15 மெகாஜூல் தருகிறது. எடை ஒன்றே, வெப்பமோ ஏறக்குறைய இருமடங்கு. பச்சை விறகில் உள்ள தண்ணீரை முதலில் ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பகுதி போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய எடையில் பாதி தண்ணீர் என்பது தனி இழப்பு. விறகைச் சில வாரங்கள் கொட்டகையில் அடுக்கி வைத்து எரிப்பதைவிட மலிவான ஆற்றல் சேமிப்பு எதுவும் எனக்குத் தெரியாது. வாங்கும் லோடில் ஒரு கட்டையைப் பிளந்து, எடைபோட்டு, உலர்த்தி, மறுபடி எடைபோட்டால் ஈரம் தெரிந்துவிடும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

மின்சாரத்தையும் விறகையும் கூட்ட வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு யூனிட் 3.6 மெகாஜூல், கலோரிக் கணக்கில் 860 கிலோகலோரி. இப்படி மாற்றிக் கூட்டுவது ஒரு முறை. ஆனால் மேட்டூரில் உள்ளது போன்ற அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மீதி புகைபோக்கியிலும் குளிர்விக்கும் நீரிலும் போய்விடுகிறது. அதையும் சேர்த்தால் ஆலைக்கு வரும் ஒரு யூனிட்டுக்குப் பின்னால் மூன்று யூனிட் வெப்பம் எரிந்திருக்கிறது. ஆலையின் வாசலில் கோடு போட்டால் ஒரு விடை, சுரங்கத்தின் வாசலில் கோடு போட்டால் வேறொரு விடை. எந்த வாசல் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது.

சாண எரிவாயு போல, கழிவுநீரிலிருந்தும் பல சேகோ ஆலைகள் இப்போது எரிவாயு எடுக்கின்றன. மாவு கலந்த நீரை மூடிய தொட்டியில் நுண்ணுயிர்களிடம் விட்டால் மீத்தேன் கிடைக்கிறது. ஜெனரேட்டரை அதில் ஓட்டினால் ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வரும். நாற்றமும் குறைகிறது, ஆற்றில் கலக்கும் மாசும் குறைகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் ஆற்றல் செறிவுக் கணக்கில் இது ஒரு விசித்திரத்தைக் கொண்டுவருகிறது. வாயு எதிலிருந்து வருகிறது? பெரும்பாலும், சல்லடையும் தொட்டியும் பிடிக்கத் தவறிய மாவிலிருந்து. மாவைச் சரியாகப் பிரிக்காத ஆலையில் கழிவுநீர் கெட்டியாக இருக்கும், வாயு அதிகம் வரும், வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் குறையும். வாங்கிய மின்சாரத்தை மட்டும் வகுத்துப் பார்த்தால் அந்த ஆலை சிக்கனமானதாகத் தெரியும். ஒரு கிலோ மாவு நீரோடு போய், அது முழுவதும் மீத்தேனாக மாறி, ஜெனரேட்டரில் எரிந்தாலும் கைக்கு வருவது ஒரு யூனிட்டைச் சற்றே தாண்டும். ஒரு கிலோ ஜவ்வரிசியின் விலையையும் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நட்டம் எவ்வளவு என்று எந்த முதலாளிக்கும் புரியும். வாயுவை எடுக்கத்தான் வேண்டும். அந்த வாயுவின் அளவை மாவு இழப்பின் அளவாகவும் படிக்கக் கற்க வேண்டும்.

இப்போது களத்துக்கு வருவோம். கரண்ட் பில்லிலும் விறகுச் சீட்டிலும் வராத ஒரு செலவு அங்கே நடக்கிறது.

90 கிலோ மூட்டையில் 12 சதவீதம் ஈரம் இருப்பதாகக் கொண்டால் உலர்ந்த பொருள் 79 கிலோ சொச்சம். வறுக்கப் போகும் மணியில் 40 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொண்டால் அதே உலர்ந்த பொருளோடு 53 கிலோ தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசியில் மூட்டையில் மிஞ்சும் தண்ணீர் 11 கிலோ. ஆக 42 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். ஒரு பகுதி வறுவல் தட்டில் போகிறது, மீதி களத்தில். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல், அதாவது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். இதிலிருந்து யாரும் தப்ப முடியாது, இயற்பியல் விதித்த கட்டணம் இது. 42 கிலோவுக்குக் கணக்கிட்டால் மூட்டைக்கு 28 யூனிட். மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து மூட்டைக்கு ஆறு ஏழு யூனிட் எடுக்கும் ஆலையில், அதைப்போல நான்கு மடங்கு உலர்த்துவதற்கே போகிறது. அதன் பெரும்பகுதியைச் சூரியன் தருகிறது, ரசீது இல்லாமல்.

தருமபுரியில் தெளிவான ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெயில் 5 யூனிட்டுக்குக் குறையாது. ஒரு ஏக்கர் களம் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். ஒரு நாளில் 20,000 யூனிட். நடுத்தர ஆலை ஒன்றின் ஒரு மாதத்து மின்சாரத்தை ஒரே பகலில் வானம் கொட்டிவிடுகிறது. வெள்ளை மணியிலும் சிமென்டிலும் பட்டுத் திரும்புவதும் காற்றைச் சூடாக்குவதும் போக, ஒரு பங்குதான் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பங்கே ஆலைக்குப் போதும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் என்னாகும்? கிழங்கு வரத்து சூடுபிடிக்கும் காலமும் அதுதான். களத்தில் பரப்ப முடியாது, ஈரமணி புளித்து நிறம் கெடும். சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரம் உள்ள ஆலை அதை ஓட்டும். அதன் திறன் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 28 யூனிட் வேலைக்கு 56 யூனிட் வெப்பம் வேண்டும். நன்கு காய்ந்த விறகில் 13 கிலோவுக்கு மேல் ஒரு மூட்டைக்கு எரியும். ஆலையின் இயந்திரங்கள் அவையே, ஆட்கள் அவர்களே, மூட்டையும் அதுவே. ஆனால் கார்த்திகை மாதத்து ஆற்றல் செறிவு தை மாதத்தைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். உண்மையில் மணியை உலர்த்தத் தேவைப்பட்ட ஆற்றல் இரண்டு மாதத்திலும் ஒன்றேதான். தையில் அதை யாரும் எழுதவில்லை, அவ்வளவே. வெயிலைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்டால், இரண்டு பத்தியாக எழுத வேண்டும் என்பேன். ஒன்றில் வாங்கிய ஆற்றல், அடுத்ததில் தண்ணீரை ஆவியாக்கத் தேவையான ஆற்றல். களத்தை மூடி இயந்திரத்துக்கு மாறலாமா என்று ஒரு முதலாளி யோசிக்கும் நாளில், தான் இத்தனை காலம் எவ்வளவு இலவசமாகப் பெற்றார் என்பதை இரண்டாவது பத்திதான் சொல்லும்.

களத்தில் இன்னொரு உழைப்பும் கணக்கில் வருவதில்லை. உச்சி வெயிலில், முக்காடு போட்டுக்கொண்டு, மரப்பலகையால் மணியைக் கிளறிவிட்டுக்கொண்டே நடக்கும் பெண்களின் உழைப்பு. மனித உடல் நாள் முழுக்கத் தொடர்ந்து தரக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட். எட்டு மணிநேரத்துக்கு 0.6 யூனிட். ஒரு பெண் காலையிலிருந்து மாலைவரை உழைத்ததை மின்சாரக் கணக்கில் போட்டால் ஒரு யூனிட்கூடத் தேறாது. ஆற்றல் செறிவு என்ற அளவு எதையெல்லாம் பார்க்காது என்பதற்கு இதைவிட வலிக்கும் சான்று வேண்டாம். கிளறுவோருக்கு நிழல் தரும் அல்லது கிளறலை எளிதாக்கும் ஏற்பாட்டுக்கு மூட்டைக்கு அரை யூனிட் கூடுதலாகச் செலவானால், அதை நட்டம் என்று எழுதுவது தவறு.

கோட்டுக்குக் கீழே வருவோம். மூட்டை என்று எழுதினால் போதுமா? 12 சதவீத ஈரத்தில் மூட்டை பிடித்த ஆலையும் 14 சதவீத ஈரத்தில் பிடித்த ஆலையும் ஒரே எடையைக் காட்டும். இரண்டாவது ஆலை உலர்த்தும் வேலையை மிச்சம் பிடித்ததோடு, தண்ணீரையும் ஜவ்வரிசி விலைக்கு விற்கிறது. ஆகவே எடையை ஒரே ஈரத்துக்கு மாற்றிக்கொண்டுதான் வகுக்க வேண்டும். திப்பி மாட்டுத் தீவனத்துக்கும் மற்ற ஆலைகளுக்கும் விலைபோகிறது. அரவையில் செலவான மின்சாரத்தில் அதற்கும் ஒரு பங்கு எழுத வேண்டுமா என்பதும் கேள்விதான். எடைப்படி பிரித்தால் ஒரு விடை, விலைப்படி பிரித்தால் வேறு விடை. இரண்டில் எதை எடுத்தாலும் ஆண்டுதோறும் மாற்றாமல் அதையே வைத்திருப்பது முக்கியம்.

கிழங்கின் தரமும் இந்தப் பின்னத்துக்குள் புகுந்துகொள்கிறது. விவசாயிக்கு விலை பாயிண்ட் கணக்கில். கிழங்கில் எத்தனை சதவீதம் மாவு என்பதே பாயிண்ட். மாவு தண்ணீரைவிட அடர்த்தியானது. அதனால் மாவு மிகுந்த கிழங்கைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடைபோட்டால் எடை கூடுதலாக நிற்கும். தராசில் அதைப் பார்த்துப் பாயிண்ட் சொல்கிறார்கள். ஒரு பாயிண்ட் குறைத்துச் சொன்னால் லோடுக்கு எவ்வளவு போகும் என்று விவசாயிக்குத் தெரியும், அதனால் இந்தத் தராசைச் சுற்றிப் பூசல் ஓய்வதில்லை. ஆற்றல் கணக்குக்கும் இதே தராசு வேண்டும். 24 பாயிண்ட் கிழங்கு ஒரு டன்னும் 30 பாயிண்ட் கிழங்கு ஒரு டன்னும் அரைபட ஏறத்தாழ ஒரே மின்சாரம்தான். ஆனால் முதலாவதில் 240 கிலோ மாவு, இரண்டாவதில் 300 கிலோ. அரவைப் பகுதியில் மூட்டைக்கான மின்சாரம் கால்பங்கு வேறுபடும், மேஸ்திரியோ ஃபிட்டரோ எந்தத் தவறும் செய்யாமலே. பாயிண்ட்டைக் குறிக்காமல் யூனிட்டை மட்டும் குறித்து வைத்தால் மழை பெய்த ஆண்டின் பலனை இயந்திரத்தின் பெருமையாக எழுதிவிடுவோம்.

வகுத்தல் கணக்கு ஏமாற்றும் இடம் இன்னொன்று இருக்கிறது. என் பார்வையில் ஆலைக்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஓர் ஆலையில் ஐப்பசியில் 1,200 மூட்டை, 9,000 யூனிட். தையில் 2,800 மூட்டை, 17,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசியில் மூட்டைக்கு 7.5 யூனிட், தையில் 6.1 யூனிட். தையில் ஆலை திருந்திவிட்டதா? இரண்டு மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 1,600 மூட்டை கூடியதற்கு 8,000 யூனிட் கூடியிருக்கிறது, மூட்டைக்கு 5. அப்படியென்றால் ஐப்பசியில் 1,200 மூட்டைக்கு 6,000 யூனிட் போக, மிச்சம் 3,000 யூனிட் எங்கே போனது? தையிலும் 14,000 போக அதே 3,000 மிஞ்சுகிறது. மூட்டை ஒன்றுகூடப் பிடிக்காவிட்டாலும் ஆலை தின்னும் அடிப்படைச் செலவு அது. விளக்கு, கழிவுநீர்த் தொட்டியின் பம்பு, சும்மா சுற்றும் இயந்திரங்கள். ஆனியில் கிழங்கு வரத்து சுருங்கி 300 மூட்டை மட்டும் பிடித்தால் 4,500 யூனிட் ஆகும், மூட்டைக்கு 15. ஆலை கெடவில்லை, அடிப்படைச் செலவைச் சுமக்க மூட்டை குறைந்துவிட்டது. ஓராண்டுக் கணக்கை வரைபடத் தாளில் புள்ளியாக வைத்து, கிடையாக மூட்டையும் செங்குத்தாக யூனிட்டும் போட்டு ஒரு நேர்கோடு இழுத்தால் இந்த இரண்டு எண்களும் கண்முன்னே வந்து நிற்கும். கோட்டின் சரிவு இயந்திரங்களின் திறனைச் சொல்லும். கோடு செங்குத்து அச்சைத் தொடும் இடம் பழக்க வழக்கங்களைச் சொல்லும். கோட்டைவிட்டு வெகுதூரம் மேலே கிடக்கும் மாதத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று தேடிப் போகலாம். ஒரு சராசரி எண்ணால் இதில் எதையும் சொல்ல முடியாது.

எதை எண்ணுவது என்ற சிக்கல் ஜவ்வரிசிக்கு மட்டும் உரியதல்ல. பாலக்கோட்டில் தருமபுரி மாவட்டக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவாவின் பெயரைத் தாங்கிய இன்னொரு கூட்டுறவு ஆலை. சர்க்கரையின் ஆற்றல் செறிவு என்ன? அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலை வெளியிலிருந்து வாங்குவது மிகக் குறைவு. கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுத்து, அதிலேயே மின்சாரமும் செய்துகொண்டு, மிஞ்சியதை விற்கும் ஆலைகளும் உண்டு. வாங்கிய ஆற்றல் என்ற கணக்கில் விடை பூஜ்யத்தை ஒட்டியது. எரித்ததை எண்ணினால்? ஒரு டன் சர்க்கரைக்கு 11 டன் கரும்பு, அதில் 3 டன்னுக்கு மேல் சக்கை. பாதி ஈரமான சக்கை கிலோவுக்கு ஏறத்தாழ 7.5 மெகாஜூல் தருகிறது. மொத்தம் 24 கிகாஜூல். உலகச் சராசரியில் ஒரு டன் எஃகு உருவாக ஆகும் ஆற்றல் ஏறத்தாழ 20 கிகாஜூல்! காப்பியில் போடும் சர்க்கரையை எஃகோடு ஒரே வரிசையில் வைக்க யாருக்கும் தோன்றாது. கரும்பு தன் விறகைத் தானே சுமந்து வருவதால் அந்தச் செலவு கண்ணில் படவில்லை. சக்கை குப்பையாக இருந்த காலத்தில் அதை எரித்துத் தீர்ப்பதே நோக்கமாக இருந்தது. பழைய கொதிகலன்கள் சிக்கனம் பார்க்காமல் கட்டப்பட்டதற்கு அதுவும் காரணம். மின்சாரத்தை விற்கலாம் என்று ஆனபிறகுதான் ஒரு டன் கரும்புக்கு எவ்வளவு நீராவி என்று அளப்பதில் அக்கறை வந்தது.

ஆற்றல் செறிவு என்ற அளவுக்கு நாட்டளவில் சட்டத்தின் பலமும் உண்டு. ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இல் வந்தது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திர முத்திரை போடும் எரிசக்தித் திறன் பணியகம் 2002-இல் தொடங்கியது. அந்தப் பணியகம் 2012-இல் பெரிய ஆலைகளுக்கு ஆற்றல் செறிவு இலக்கு வைத்தது. முதல் சுற்றில் சிமென்ட், இரும்பு, உரம், காகிதம் உள்ளிட்ட 8 துறைகளில் 478 ஆலைகள். ஆலையின் உள்வாசலிலிருந்து வெளிவாசல் வரை என்று எல்லைக்கோடு போட்டுக்கொண்டார்கள். இலக்கைத் தாண்டிச் சேமித்தவர்கள் சான்றிதழ் பெற்று, தவறியவர்களுக்கு விற்கலாம். 2015-இல் முதல் சுற்று முடிந்தபோது 86.7 இலட்சம் டன் எண்ணெய்க்குச் சமமான ஆற்றல் மிச்சமானதாகக் கணக்கிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து, தன் எல்லைக்குள் வரும் இரும்பு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றைச் செய்யும்போது வெளியான கார்பனுக்குக் கணக்குக் கேட்கத் தொடங்கியது. போல்ட்டும் ஸ்க்ரூவும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்த ஓசூரில் ஏற்றுமதிக்கு போல்ட் செய்யும் சிறு பட்டறைகூட இந்தக் கணக்கை எழுதியாக வேண்டிய காலம் வந்துவிட்டது. ஜவ்வரிசிக்கு அந்த நெருக்கடி இன்னும் வரவில்லை. வருவதற்குமுன் நம் ஆலைகள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதிப் பழகிவிட்டால், பின்னால் யாரோ தூரத்திலிருந்து வைக்கும் பொதுச் சராசரியை ஏற்க வேண்டியிருக்காது. வெயிலில் உலர்த்தும் ஆலையை இயந்திரத்தில் உலர்த்தும் தாய்லாந்து ஆலையின் எண்ணால் அளப்பது அநியாயம்.

தருமபுரிக்கென்றே ஒரு செலவு உண்டு, தண்ணீர் ஏற்றும் செலவு. கிழங்கு கழுவ, கூழைச் சலிக்க, மாவைப் படியவைக்க எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். மூட்டைக்கு 2,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 200 அடியில் தண்ணீர் நிற்கும் போர்வெல்லிலிருந்து, நடுத்தரத் திறனுள்ள நீர்மூழ்கி மோட்டார் 1,000 லிட்டரை மேலே கொண்டுவர 0.4 யூனிட் எடுக்கும். தண்ணீர் 600 அடிக்கு இறங்கிவிட்டால் 1.2 யூனிட். மூட்டைக் கணக்கில் 0.8 யூனிட்டாக இருந்த செலவு 2.4 யூனிட் ஆகிறது. நாம் வைத்துக்கொண்ட 5 யூனிட் சரிவில் இது பெரிய பங்கு. எந்த இயந்திரத்தையும் தொடாமல், மழை பொய்த்த இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆலையின் ஆற்றல் செறிவு இப்படி ஏறிவிடும். புது அரவை இயந்திரம் வாங்கி அரை யூனிட் மிச்சம் பிடிப்பதைவிட, கடைசித் தொட்டியில் வடித்த ஓரளவு தெளிந்த நீரைக் கிழங்கு கழுவும் முதல் தொட்டிக்குத் திருப்பிவிடுவது இங்கே அதிகம் மிச்சம் பிடிக்கும். மூட்டைக்கு 500 லிட்டர் திரும்பக் கிடைத்தால் 600 அடி போர்வெல்லில் அதுவே 0.6 யூனிட். இதைக் கண்டுபிடிக்கத் தேவையானவை போர்வெல் மோட்டாருக்கு ஒரு துணை மீட்டர், குழாயில் ஒரு நீரளவி, நீர்மட்டம் இறங்குவதை மாதம் ஒருமுறை பார்த்து எழுத ஒரு நூல்கயிறு. மூட்டை எண்ணும் அதே பேரேட்டில் இதற்கு மூன்று பத்திகள் போதும்: யூனிட், லிட்டர், அடி.